கைப்பேசிப் பழுதும் வெளி மென்பொருளும்: உழவர் ஆராய்ந்து அறிய வேண்டுவன

நீர் இறைக்கும் மோட்டாரில் காயில் எரிந்து போனால், நமது உழவர்கள் அதனைக் கழற்றி அண்மையிலுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்கின்றனர். பட்டறைக்காரர் புதிதாகக் காயில் கட்டித் தருகிறார். மோட்டார் மீண்டும் ஓடுகிறது. காயில் கட்டியவர் யார், கம்பியை எந்தக் கடையில் வாங்கினார் என்று அம்மோட்டார் கேட்பதில்லை. கைப்பேசியோ அத்தகைய கருவியன்று. திரையை மாற்றியவர் யார், பேட்டரி எவருடையது, உள்ளே இயங்கும் மென்பொருளுக்குக் கையொப்பம் இட்டவர் யார் என்பனவற்றையெல்லாம் அது வினவுகிறது. தனக்கு ஒப்பான விடை கிடைக்காவிடில் சிலபோது வேலை செய்யவும் மறுக்கிறது.

அதே கைப்பேசியில்தான் இன்று உழவரின் கைப்பொருள் முழுவதும் தங்கியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் வருகிறது. அதற்கான செய்தி கைப்பேசிக்கு வருகிறது. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, எரிவாயு உருளைப் பதிவு, கடையில் பணம் செலுத்துதல் ஆகியவற்றிற்கும் கைப்பேசி பயன்படுகிறது. ஆகவே, கைப்பேசியில் தவறான ஒன்றை ஏற்றிக்கொள்வது, நெற்குதிரின் வாயைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் ஊர்தோறும் செல்லும்போது இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. வெளியிலிருந்து கிடைக்கும் மென்பொருளை, அதாவது கடைக்காரர் ஏற்றித் தருவதையும் நண்பர் அனுப்புவதையும், ஏற்கலாமா என்பது ஒன்று. கைப்பேசியைச் செய்த நிறுவனத்தின் சேவை நிலையத்திலேயே பழுது பார்க்க வேண்டுமா, ஊர்க்கடையில் பார்த்தால் தீங்கு வருமா என்பது மற்றொன்று. இவற்றிற்கு இரண்டு அவசர விடைகள் வழங்கி வருகின்றன. நிறுவனம் தந்தது எல்லாம் நன்று, பிறர் தந்தது எல்லாம் தீது என்பார் ஒரு சாரார். நிறுவனம் விதிக்கும் தடைகள் யாவும் பணம் பறிக்கும் சூழ்ச்சியே, அவற்றை உடைத்தெறிவதே அறிவு என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பிழையானவை. ஒவ்வொரு மென்பொருளையும் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே நிறுத்து எடை போடுதல் வேண்டும். அதற்குரிய எடைக்கற்கள் எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதை மூட்டையும் அதன் அட்டையும்

மென்பொருளின் நம்பகத்தை உழவர் எளிதில் விளங்கிக்கொள்ள விதையைக் கொண்டு ஆராய்வது நலம். சான்று விதை மூட்டையில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. இந்த அட்டை என்ன சொல்கிறது? இவ்விதைக்குப் பொறுப்பானவர் யார், எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்பதையே சொல்கிறது. விளைச்சல் உறுதி என்று அது சொல்வதில்லை. அட்டை இல்லாத விதைகள் யாவும் கெட்டவையும் அல்ல. தம் வயலிற் பொறுக்கி எடுத்துப் பாதுகாத்த விதையை உழவர் நம்பி விதைக்கின்றனர். அதன் வரலாறு அவர்க்குத் தெரியும். ஆபத்தானது யாதெனில், பிரித்துத் திரும்பத் தைக்கப்பட்ட மூட்டையும், பிறர் பெயரைத் தாங்கிய போலி அட்டையுமே.

கைப்பேசி மென்பொருளும் இவ்வாறே. ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகளில் ஒவ்வொரு செயலியும் ஏ.பி.கே. எனப்படும் கோப்பாக வருகிறது. அக்கோப்பில் அதனைச் செய்தவர் மின்னணுக் கையொப்பம் இட்டிருத்தல் வேண்டும்; இல்லையேல் கைப்பேசி அதனை நிறுவாது. நிறுவிய செயலிக்குப் பின்னர் ஒரு புதுப்பிப்பு வந்தால், அதிலும் அதே கையொப்பம் இருக்க வேண்டும். வேறொருவர் இடையிற் புகுந்து திருத்தியிருந்தால் கையொப்பம் மாறிவிடும். கைப்பேசி அதனை மறுத்துவிடும். இஃது உரியவரைக் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கையொப்பம் “இன்னார் தந்தது” என்று சொல்லுமேயன்றி, “இன்னார் நல்லவர்” என்று சொல்லாது. திருடனும் தன் செயலிக்குத் தானே கையொப்பம் இட்டுக்கொள்ளலாம்.

வெளி மென்பொருள் நான்கு வகை

நிறுவனத்தின் கடையாகிய பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் மென்பொருளை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, தம்மை மறைக்காத ஆசிரியர்கள் எழுதி, அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கும்படி வெளியிட்ட செயலிகள். இத்தகையவற்றைத் திரட்டித் தரும் எஃப்-டிராய்டு என்னும் தொகுப்பு 2010-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இவை நிறுவனத்தின் கடை வழியே வருவன அல்ல; எனினும் வரலாறு தெரிந்த விதையைப் போன்றவை.

இரண்டாம் வகை, பழைய கைப்பேசியின் இயங்குதளத்தையே மாற்றி வைக்கும் மென்பொருள். 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய லினியேஜ் ஓ.எஸ். இதற்கு எடுத்துக்காட்டு. செய்த நிறுவனம் கைவிட்டுவிட்ட கைப்பேசிக்கு இது மேலும் சில ஆண்டுகள் ஆயுளைத் தரலாம். ஆயினும் இதனை ஏற்றுவதற்குத் தொடக்கப் பூட்டைத் திறக்க வேண்டும்; திறக்கும்போது கைப்பேசியிலுள்ளவை யாவும் அழிந்துவிடும். கைப்பேசி தொடங்கும்போது தன் மென்பொருள் மாற்றப்படவில்லை என்று தானே சரிபார்க்கும் காவலும் தளர்ந்துவிடும். வங்கிச் செயலிகள் சில அதில் இயங்க மறுக்கும். ஆதலால், பிள்ளைகள் பாடம் கேட்பதற்கும் வானொலி கேட்பதற்கும் வைத்திருக்கும் பழைய கைப்பேசிக்கு இது பொருந்தலாம். பணம் செலுத்தும் கைப்பேசிக்குப் பொருந்தாது.

மூன்றாம் வகை, புகழ்பெற்ற செயலியை எடுத்து, எவரோ திருத்தி, கூடுதல் வசதிகள் சேர்த்து வெளியிடுவது. ஜி.பி. வாட்ஸ்அப் என்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். இது பிரித்துத் தைத்த மூட்டை. 2021 ஆகஸ்ட் மாதத்தில், எஃப்.எம். வாட்ஸ்அப் என்ற இத்தகையதொரு திருத்தப் பதிப்பினுள் டிரையாடா என்னும் தீநிரல் இருந்ததைக் காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். பயன்படுத்தியவர்க்குச் செய்திகள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. உள்ளே அந்நிரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நான்காம் வகை, முழுப் போலி. அரசுத் திட்டத்தின் பெயரையோ, வங்கியின் பெயரையோ, போக்குவரத்து அபராதத்தின் பெயரையோ சூட்டிக்கொண்டு வாட்ஸ்அப் வழியே வரும் ஏ.பி.கே. கோப்பு இது. “பி.எம். கிசான்” என்னும் பெயரில் இவ்வாறு உலவும் போலிகள் குறித்துப் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்துள்ளனர். அதனை நிறுவியவுடன் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்தால், வங்கியிலிருந்து வரும் ஆறிலக்க எண் கண்ணுக்குத் தெரியாமல் வேறொருவர் கைக்குப் போகும். அத்துடன் நில்லாது, அக்கைப்பேசியிலுள்ள தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் அதே கோப்பு அனுப்பப்படுவதும் உண்டு. இதனாற்றான் அக்கோப்பு அயலாரிடமிருந்து வாராமல், நமக்கு நன்கு தெரிந்த உறவினரிடமிருந்தும், ஊர்ப் பெரியவரிடமிருந்தும் வருகிறது. அனுப்பியவர் முகம் தெரிந்தது என்பதனால் கோப்பு நம்பத்தக்கது ஆகிவிடாது.

உரிய வழியில் வந்ததும் ஆராயத்தக்கதே

வெளி மென்பொருளின் ஆபத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் உண்மையிற் பாதியையே சொன்னவராவோம். 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை, தனது பிளே ஸ்டோரிலிருந்தே கடன் வழங்கும் செயலிகள் 2,500-க்கும் மேற்பட்டவற்றை கூகுள் நிறுவனம் நிறுத்தியது அல்லது நீக்கியது என நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நீக்கப்படும் நாள்வரை அவை யாவும் உரிய கடையில், உரிய இடத்தில் இருந்தவையே. அவசரத் தேவைக்குச் சிறு தொகை கடன் வாங்கி, பின்னர் மிரட்டலுக்கு ஆளான குடும்பங்கள் பல.

இன்னும் ஒரு செய்தி. மேலே சொன்ன டிரையாடா வகைத் தீநிரல், சில மலிவு விலைக் கைப்பேசிகளில் உற்பத்தி நிலையிலேயே புகுந்திருந்ததை 2019-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனமே உறுதி செய்தது. இயங்குதளத்தில் சில வசதிகளைச் சேர்க்கும் பணி வெளியார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அது நுழைந்தது. அக்கைப்பேசிகளை வாங்கியவர்கள் எந்த வெளி மென்பொருளையும் ஏற்றியவர்கள் அல்லர். உறை பிரிக்காத பெட்டியிலேயே களை விதை கலந்திருந்தது.

ஆகவே, “அதிகாரபூர்வம்” என்னும் சொல் பொறுப்பாளர் யார் என்பதைக் காட்டுமேயன்றி, பாதுகாப்பைக் காட்டுவதன்று.

ஐந்து எடைக்கற்கள்

ஒரு மென்பொருளை ஏற்பதற்கு முன் பின்வரும் ஐந்து கேள்விகளைக் கேட்டு விடை காணுதல் வேண்டும்.

ஒன்று: இஃது எங்கிருந்து வந்தது? நாமே தேடிச் சென்று எடுத்ததா, நம்மைத் தேடி வந்ததா? தேடி வரும் கோப்பை ஏற்கலாகாது என்பதை விதியாகவே கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்ட உழவன் செயலியாயினும், பி.எம். கிசான் செயலியாயினும், அவற்றை நாமே பிளே ஸ்டோரிற் சென்று எடுக்க வேண்டுமேயன்றி, எவரோ அனுப்பும் கோப்பாகப் பெறுதல் கூடாது.

இரண்டு: பொறுப்பாளர் யார்? செயலியின் பக்கத்தில் வெளியிட்டவர் பெயர் இருக்கும். துறையின் பெயரோ, அறிந்த அமைப்பின் பெயரோ உள்ளதா என்று காண வேண்டும். தீங்கு நேர்ந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாத மென்பொருள், முகவரி இல்லாத வியாபாரியிடம் வாங்கிய விதைக்குச் சமம்.

மூன்று: அஃது என்ன கேட்கிறது? மழை நிலவரம் சொல்லும் செயலிக்கு இருப்பிடம் தேவைப்படலாம். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. வேலைக்கும் கேட்கும் உரிமைக்கும் பொருத்தம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். குறுஞ்செய்தி படித்தல், அணுகல்தன்மை, சாதன நிர்வாகி, பிற செயலிகளின்மேல் தோன்றுதல் ஆகிய நான்கு அனுமதிகள் மிகுந்த கவனத்திற்குரியவை. அணுகல்தன்மை என்பது கண்பார்வை குன்றியோர் முதலியோருக்கு உதவுவதற்காக ஏற்பட்டது. அதனைப் பெற்ற செயலி திரையிலுள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் திரையைத் தொடவும் வல்லது.

நான்கு: வேண்டாதபோது நீக்க இயலுமா? நிறுவியவுடன் தன் சின்னத்தை மறைத்துக்கொள்ளும் செயலி நல்ல எண்ணத்துடன் வந்ததன்று.

ஐந்து: இக்கைப்பேசியில் நாம் இழக்கக் கூடியது யாது? இதுவே ஐந்திலும் தலையாயது. வங்கிக் கணக்குடன் இணைந்த சிம் அட்டை உள்ள கைப்பேசியில் சோதனை கூடாது. ஊராட்சி அலுவல் தொடர்பான செய்திகள் வரும் கைப்பேசிக்கும் இது பொருந்தும். புதிய மென்பொருளைப் பயின்று பார்க்க விரும்பும் இளைஞர், சிம் அட்டை இல்லாத பழைய கைப்பேசியில் அதனைச் செய்யலாம்.

இவற்றுடன் ஒரு சிறு ஏற்பாட்டையும் செய்துகொள்ளலாம். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், வெளிக் கோப்புகளை நிறுவும் உரிமை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே தரப்படுகிறது. அமைப்புகள் பகுதியில் “தெரியாத ஆப்ஸை நிறுவுதல்” என்னும் இடத்தைத் தேடி, வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அவ்வுரிமை அளிக்கப்படாதிருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். பிளே புரொடெக்ட் என்னும் சோதனையை நிறுத்தி வைக்கும்படி எந்தச் செயலி கேட்டாலும், அக்கணமே அதனை விலக்கிவிட வேண்டும். நாயைக் கட்டிப் போடச் சொல்லி வருகிறவரை வீட்டினுள் அழைப்பதில்லை அல்லவா?

தடைகளை எடை போடும் முறை

இனி, நிறுவனங்கள் விதிக்கும் தடைகளுக்கு வருவோம். ஒரு தடையைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இத்தடை யாரைக் காக்கிறது? காக்க வேண்டிய அளவைத் தாண்டிச் செல்கிறதா?

சில தடைகள் உரியவரையே காக்கின்றன. கைப்பேசியை ஒருவர் திருடி, அதிலுள்ளவற்றை அழித்துவிட்டாலும், முன்னைய கணக்கின் கடவுச்சொல் இன்றித் திறக்க இயலாதபடி செய்யும் பூட்டு 2015 முதல் ஆண்ட்ராய்டில் உள்ளது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அணுகல்தன்மை அனுமதியை எளிதில் தர இயலாதபடியும் செய்யப்பட்டது. இவற்றை உடைக்கும் வழியைச் சொல்லித் தருபவர் யாராயினும் ஐயத்திற்குரியவரே.

வேறு சில தடைகள் பாதுகாப்பு என்னும் பெயரைத் தாங்கி வரினும், அளவை மீறுகின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஆராய்வது பயன் தரும். விரல்ரேகை காணும் பொத்தானை வெளிக் கடைகளில் மாற்றியவர்களின் ஐபோன்கள், மென்பொருள் புதுப்பிக்கப்பட்டவுடன் “பிழை 53” என்று காட்டி முற்றிலும் செயலற்றுப் போயின. இது 2016-இன் தொடக்கத்தில் பெரும் பேச்சாயிற்று. விரல்ரேகையின் பாதுகாப்பைக் கருதியே இவ்வாறு செய்யப்பட்டது என்று நிறுவனம் கூறிற்று. போலிப் பொத்தான் வழியே பிறர் நுழையலாம் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் நிறுவனமே ஒரு திருத்தம் வெளியிட்டது. அதன்பின் அக்கைப்பேசிகள் மீண்டும் இயங்கின. விரல்ரேகை வசதி மட்டும் இயங்கவில்லை. பாதுகாப்பிற்கு வேண்டியது விரல்ரேகையை நிறுத்துவது மட்டுமே. கைப்பேசி முழுவதையும் நிறுத்துவது வேண்டுவதன்று என்பது இதனால் தெளிவாகிறது. வெளிக் கடையிற் பழுது பார்த்தவர்க்குச் சேவை உரிமை இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் தவறாகக் கூறியதற்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018 ஜூன் மாதத்தில் 90 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

2017 டிசம்பரில் வெளியான மற்றொரு செய்தியும் நினைவு கூரத்தக்கது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்து வந்ததாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கைப்பேசி திடீரென அணைந்து போவதைத் தடுப்பதே காரணம் என்றது. காரணம் ஏற்கத்தக்கதே; உரியவரிடம் தெளிவாகச் சொல்லாமற் செய்ததே குறை. பேட்டரியை மாற்றினாற் போதும் என்பதை அறியாமல் புதிய கைப்பேசி வாங்கியவர்கள் இருந்திருப்பர் அல்லவா? பின்னர் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது.

இனி வரவிருக்கும் தடை ஒன்றையும் இம்முறையிலேயே ஆராயலாம். தன் அடையாளத்தைப் பதிவு செய்துகொள்ளாத ஆசிரியரின் செயலியைச் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிறுவ இயலாதபடி செய்யப்போவதாக 2025 ஆகஸ்ட் மாதத்தில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளிலும், 2027 முதல் பிற நாடுகளிலும் என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். முகமற்ற போலிகளை இது குறைக்கக் கூடும். இஃது உழவர்க்கு நன்மை. நேர்மையாகத் தொண்டு செய்யும் சிறு ஆசிரியர்களுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும், இது கவலைக்குரியது. இக்குறை எடுத்துச் சொல்லப்பட்ட பின்னர், அனுபவமுள்ளோர் தம் பொறுப்பில் நிறுவிக்கொள்ள வழி செய்யப்படும் என்று அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் தெரிவித்தது.

பழுது பார்க்கும் உரிமை

இவ்வழக்கு கைப்பேசியோடு நிற்பதன்று, டிராக்டருக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் டியர் நிறுவனத்தின் டிராக்டர்களில் பழுது காணும் முழு மென்பொருள் முகவர்களிடம் மட்டுமே இருந்தமையால், அறுவடைக் காலத்தில் வண்டி நின்றுவிட, முகவர் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. உழவர் சிலர் கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்த வெளி மென்பொருளை வாங்கிப் பயன்படுத்தினர் என்று 2017-இல் செய்திகள் வந்தன. நேர்வழி அடைபட்டால் மக்கள் குறுக்கு வழியை நாடுவர் என்பதற்கு இது சான்று. கொலராடோ மாநிலம் 2023-இல், உழவர் தம் கருவிகளைத் தாமே பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வாணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தது.

கைப்பேசி குறித்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தன. அங்கு புதிதாகச் சந்தைக்கு வரும் கைப்பேசி வகையின் முக்கிய உதிரிப் பாகங்களை, அதன் விற்பனை முடிந்த பின்னும் 7 ஆண்டுகள் தர வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புகளை 5 ஆண்டுகளேனும் தர வேண்டும். 800 முறை மின்னேற்றிய பின்னும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலமோ, வெளிப் பாகம் பொருத்தினால் இயங்க மறுக்கும்படி செய்யும் முறையையே 2024-இல் சட்டத்தால் தடுத்தது.

நமது நாட்டிலும் இதற்கு அடித்தளம் உண்டு. உதிரிப் பாகங்களைத் தம் முகவர்களுக்கு மட்டும் தந்து வெளிப் பட்டறைகளுக்கு மறுத்த 14 கார் நிறுவனங்கள்மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் அபராதம் விதித்தது. நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அக்குழு எடுத்துக்கொண்ட துறைகள். இவற்றுள் முதலில் வைக்கப்பட்டது வேளாண் கருவி என்பதை நம் உழவர்கள் கருத வேண்டும். நிறுவனங்களின் உதிரிப் பாகம், உத்தரவாதம் முதலிய விவரங்களைத் திரட்டித் தரும் இணையதளம் அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. குறைகளை 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

கடையிற் கொடுக்கும்போது

ஊர்க்கடையிற் பழுது பார்ப்பதில் தவறில்லை. பெரும்பாலான கடைக்காரர்கள் உழைத்துப் பிழைக்கும் திறமைசாலிகள். எனினும் கைப்பேசியைக் கொடுக்குமுன் சில முறைகளைக் கையாளல் வேண்டும்.

சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ள வேண்டும். திறக்கும் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தல் ஆகாது; சோதித்துப் பார்க்க வேண்டுமாயின் நாமே அருகிருந்து திறந்து காட்டலாம். சில கைப்பேசிகளில், நம் விவரங்களை மறைத்துவிட்டுப் பழுது பார்க்க மட்டும் இடந்தரும் பராமரிப்பு முறை உள்ளது. இருப்பின் அதனைப் பயன்படுத்த வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதும், பாகத்தின் வகையைக் குறித்த ரசீது பெறுவதும் நல்ல வழக்கங்கள்.

பேட்டரியை மாற்றும்போது விலை ஒன்றையே நோக்குதல் கூடாது. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றம் ஆகாமல் தடுக்கும் சிறு மின்சுற்று நல்ல பேட்டரியில் இருக்கும். மிக மலிவானவற்றில் அது இல்லாமற்போகலாம், அல்லது தரங்குறைந்திருக்கலாம். ஐ.எஸ். 16046 என்னும் இந்தியத் தரக்குறியும் பதிவெண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். புடைத்த பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, தொடர்ந்து பயன்படுத்தவோ கூடாது.

பழுது நீக்குவதற்கு மென்பொருளை மீண்டும் ஏற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், நிறுவனம் வெளியிட்ட மென்பொருளா, வேறா என்று கேட்டறிய வேண்டும். கைப்பேசி திரும்பி வந்ததும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். வாங்கிய பெட்டியின்மேல் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். மதர்போர்டு மாற்றப்படாதபோதும் எண் வேறாயிருப்பின், எவரோ அதனைத் திருத்தியுள்ளனர் என்று ஐயுற வேண்டும். அவ்வாறு திருத்துவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, 3 ஆண்டு வரை சிறையோ, ரூ. 50 இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். தொலைந்த கைப்பேசியைச் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே முடக்குவதும் இவ்வெண்ணைக் கொண்டே ஆதலின், அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம்.

தீங்கு நேர்ந்துவிட்டால்

போலிச் செயலியை நிறுவிவிட்டதாக ஐயம் எழுந்தால், வெட்கத்தால் மறைத்தலும் நாளை பார்ப்போம் எனத் தள்ளுதலும் கூடா. முதலில் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துச் சிம் அட்டையைக் கழற்ற வேண்டும். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்து 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணில் முறையிட வேண்டும். பணம் பல கணக்குகள் வழியே கைமாறி விரைவில் வெளியேறிவிடும் ஆதலால், முதல் சில மணி நேரத்திற்குள் தெரிவித்தால் இடையில் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகுதி. நம் எண்ணிலிருந்து கோப்பு வந்தால் திறக்க வேண்டாம் என உறவினர்க்கும் குழுக்களுக்கும் சொல்லிவிட வேண்டும். இவை முடிந்த பின்னர், கைப்பேசியை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

ஊராட்சிகளின் பணி

இவ்விஷயத்தில் ஊராட்சிகள் செய்யத்தக்க பணிகள் உள்ளன. இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் எந்த ஏ.பி.கே. கோப்பும் பகிரப்படலாகாது என்று கட்டுப்பாடு செய்யலாம். உறுப்பினரே அனுப்பினும் அது பொருந்தும். அரசுச் செயலிகளின் சரியான பெயர்களையும், 1930, 1915 என்னும் எண்களையும் அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளில் ஒன்றிலேனும் இப்பொருளை எடுத்துக்கொண்டு, முதியோர் தம் கைப்பேசியின் அமைப்புகளைச் சரிபார்க்கப் படித்த இளைஞரைத் துணை செய்யச் சொல்லலாம். பழுது பார்க்கும் கடைக்காரர்களை அழைத்து, ரசீது தருதல், பழைய பாகம் திருப்பித் தருதல் ஆகியவற்றை ஊர் வழக்கமாக்கலாம். அவர்கட்கு உதிரிப் பாகமோ விவரமோ நிறுவனங்கள் மறுத்தால், அதனையும் குறித்து நுகர்வோர் துறைக்கு எழுதலாம்.

கடையில் விற்பதையெல்லாம் வாங்கி நிலத்தில் இடுபவர் அல்லர் நம் உழவர். விதையை முளைப்புத்திறன் பார்த்தும், உரத்தை மூட்டையின் எழுத்தைப் படித்தும், மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தும் வாங்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதே கவனத்தைக் கைப்பேசியின்மீதும் செலுத்துவோமாயின், தேடி வரும் போலியையும் இனங்கண்டு விலக்கலாம். அளவு மீறிய தடையையும் இனங்கண்டு உரிமை கேட்கலாம். ஊராட்சி மன்றத்தாரும் உழவர் பெருமக்களும் அடுத்த கிராம சபை கூடுவதற்குள், முதற்கண் தம் கைப்பேசிகளை ஒருமுறை சோதித்துக்கொள்வார்களாக.